கச்சத்தீவு, ஜிபிஎஸ், பொட்டலம்: இராமநாதபுரம் கடற்கரை ஏன் எதையும் நம்புவதில்லை

2024 மக்களவைத் தேர்தலில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் இராமநாதபுரத்தில் சுயேச்சையாகப் போட்டியிட்டார். கூடவே, அதே பெயரும் அதே முன்னெழுத்தும் கொண்ட இன்னும் ஐந்து பேர் வேட்புமனு போட்டார்கள். சென்னையில் இது வேடிக்கைச் செய்தியாக ஓடியது. பாம்பனிலும் தொண்டியிலும் பெரிய வியப்பு எதுவும் இல்லை. யார் ஏற்பாடு என்றுகூட அதிகம் பேசப்படவில்லை. ஏற்பாடு இல்லாமல் எதுவும் நடக்காது என்பது இந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு மாவட்டத்துக்குள் கிடக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இந்தக் கரையின் தேநீர்க் கடைகளில் மூன்று கருத்துகள் ஒரே மூச்சில் சொல்லப்படும். அரசியல்வாதி எவனாக இருந்தாலும் ஏமாற்றுவான். புதுக் கருவி வந்தால் கூடவே கடனும் காவலும் வரும். போதை இல்லாத வேலை எதுவும் இல்லை, அதைப் பேசி என்ன பயன்? வெளியூர்க்காரர்கள் இதை அறியாமை என்றோ சோம்பல் என்றோ எழுதிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் இரண்டும் பல பத்தாண்டுகள் கணக்குப் பார்த்து எழுந்த முடிவுகள். மூன்றாவதில்தான் கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் சிலருக்கு வசதியும் இருக்கிறது.

கச்சத்தீவிலிருந்து தொடங்குவோம், எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள் என்பதால். 285 ஏக்கர், ஓர் அந்தோணியார் கோயில், ஆண்டுக்கு ஒரு திருவிழா. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தில் அது இலங்கைப் பக்கம் போனது. அப்போது மாநிலத்தில் மு. கருணாநிதி ஆட்சி. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 கடிதப் பரிமாற்றத்தில் எழுதப்பட்டது. 1991இல் ஜெயலலிதா ஆட்சியில் மீட்போம் என்று சட்டமன்றத் தீர்மானம். 2008இல் அவரே உச்ச நீதிமன்றம் போனார். 2014இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் அதே நீதிமன்றத்தில், தீவு வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் பேசினார். அதே அரசின் பிரதமர் 2024 தேர்தல் நேரத்தில், காங்கிரசும் தி.மு.க.வும் தீவைத் தாரை வார்த்துவிட்டதாகக் குற்றம் சாட்டினார். 2025 ஏப்ரல் 2இல் சட்டமன்றம் மறுபடியும் ஒரு தீர்மானம் போட்டது. நான்கு நாள் கழித்துப் பிரதமர் இலங்கைப் பயணத்தை முடித்துக்கொண்டு நேரே வந்து பாம்பன் புதிய பாலத்தைத் திறந்துவைத்தார்.

ஐம்பது ஆண்டுகளாக ஒரு கோரிக்கையை எல்லாக் கட்சிகளும் ஆதரித்து, அது ஓர் அங்குலமும் நகரவில்லை என்றால், அந்தக் கோரிக்கை எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பது ஏளனம் ஆகாது. மீனவர் கைதுச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று தெரியும். அவற்றில் கச்சத்தீவைப் போலவே அடிக்கடி வரும் பெயர் நெடுந்தீவு. அது யாழ்ப்பாணத்துக் கடல். கச்சத்தீவு நாளையே திரும்பி வந்தாலும் நெடுந்தீவுக் கடல் வராது. இது ஜெட்டியில் (படகுத்துறையில்) நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். மேடையில் இருப்பவருக்கும் தெரியும்.

மேடையில் வராத சொல் மடி. விசைப்படகு இழுக்கும் பை போன்ற வலை, இழுவை மடி, கடலடியை அரித்துக்கொண்டே போகும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அரிப்பதற்கு எளிது, ஆறுவதற்குக் கடினம். 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் இயந்திரப் படகு மீன்பிடிப்புக்கு வழி திறந்தது. இறால் ஏற்றுமதிப் பணம் அதை இந்தப் பக்கமும் பரப்பியது. அரசு கடனும் மானியமும் கொடுத்து ஊக்குவித்தது. 1983 முதல் 2009 வரை போரினால் வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தார்கள். நம் படகுகளுக்கு அந்தக் கடல் காலியாகக் கிடைத்தது. போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பி வந்தபோது, நம் மடியில் அவர்கள் வலை அறுந்தது. 2017இல் இலங்கை இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. இந்தச் சண்டையில் இரு பக்கமும் தமிழர்கள். எந்தக் கட்சிக்கும் இது பேச வசதியான பொருள் இல்லை.

நம் கரைக்குள்ளேயே விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையில் பழைய பகை உண்டு. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு கூடாது என்கிறது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பிரித்திருக்கிறார்கள். மேடையில் 'தமிழக மீனவர்' என்று ஒருவர்தான் இருக்கிறார். கரையில் படகு முதலாளியான சம்மாட்டி இருக்கிறார், கூலிக்குப் போகிறவர் இருக்கிறார், வத்தை என்ற சிறு நாட்டுப்படகில் போகிறவர் இருக்கிறார். மூவரின் வயிறும் ஒன்றல்ல.

சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2005 ஜூலை 2இல் மதுரையில் தொடக்க விழா, 2,427 கோடி ரூபாய் மதிப்பீடு, 2007இல் ராமர் பாலம் வழக்கில் உச்ச நீதிமன்றத் தடை, 2023 ஜனவரியில் மீண்டும் நிறைவேற்றக் கோரிச் சட்டமன்றத் தீர்மானம். தோண்டிய மண் கடலுக்கே திரும்பிவிட்டது. கடலில் போட்ட பணம் என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு கிடைக்காது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார், உயர்த்தவும் செய்தார்கள். தேநீர்க் கடைக் கணக்கில் இது வரவு வைக்கப்படுவதே இல்லை. கசப்புக்கும் ஒரு பழக்கதோஷம் உண்டு.

இனி கருவிகள். கைதாகும் ஒவ்வொரு முறையும் அறிக்கைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: வழி தவறி, எல்லை தெரியாமல் போய்விட்டார்கள். படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. எல்லைக்கோடு திரையில் தெரிகிறது. வாடைக் காற்றிலும் எஞ்சின் கோளாறிலும் உண்மையாகவே இழுத்துச் செல்லப்படும் படகுகள் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் மீன் இருக்கும் இடத்துக்குத் தெரிந்தே போகிறார்கள், இந்தப் பக்கம் மீன் இல்லை என்பதால். அந்த வாக்கியத்தை எழுதுகிற அதிகாரிக்கும் அதைப் படிக்கிற அமைச்சருக்கும் சிறையில் இருக்கும் மீனவருக்கும் அது பொய் என்று தெரியும். உண்மையைச் சொன்னால் கடலை யார் காலி செய்தது என்ற கேள்வி வரும். ஆகவே ஜிபிஎஸ் இல்லாததுபோல் எல்லாரும் சேர்ந்து நடிக்கிறோம்.

மீன் எங்கே இருக்கக்கூடும் என்பதை ஐதராபாத்தில் இருக்கும் தேசியக் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் அளக்கும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் நுண்பாசியின் அளவையும் வைத்துக் கணித்துச் சொல்கிறது. நல்ல அறிவியல்தான். சிக்கல் வேறிடத்தில். ஒரே வரைபடம் எல்லார் கையிலும் இருந்தால் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போவார்கள். குறைந்துபோன மீனை இன்னும் விரைவாகக் குறைக்க உதவும் கருவியை வளர்ச்சி என்று கொண்டாடினால், கரையில் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டம் கொடுத்த விலை அது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் முனைப்பாகப் பேசப்பட்டது. 13 கடலோர மாநில, ஒன்றியப் பகுதிகளில் ஒரு லட்சம் படகுகளுக்கு இதைப் பொருத்தும் திட்டம், ஏறத்தாழ 360 கோடி ரூபாயில், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. உயிர் காக்கும் கருவி, ஐயமில்லை. ஆனால் புயல் வரும் நாள் ஆண்டுக்குச் சில. மீதி நாளெல்லாம் அதே கருவி, படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குக் காட்டிக்கொண்டிருக்கும். அணைத்து வைக்கலாமா என்ற எண்ணம் எழுவதில் மர்மம் ஒன்றுமில்லை.

ஆழ்கடல் திட்டத்தின் கதையும் இதேதான். 2017 ஜூலையில் பிரதமர் இராமேசுவரம் வந்தபோது தொடங்கிவைத்தது. இழுவைப் படகை விட்டுவிட்டுச் சூரைமீன் பிடிக்கும் தூண்டில் படகுக்கு மாறினால், 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 விழுக்காடு மானியம், 20 விழுக்காடு கடன், 10 விழுக்காடு சொந்தப் பணம். மூன்று ஆண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. மாறியவர்கள் இலக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. காலையில் போய் மறுநாள் காலையில் திரும்பும் பழக்கம் உள்ளவரிடம், வாரக்கணக்கில் கடலில் தங்கு, முற்றிலும் வேறு தொழில் கற்றுக்கொள், கடனையும் கட்டு என்றால், மானிய விழுக்காடு ஒன்றைக் காட்டி அவரை நகர்த்த முடியாது. எண்ணம் தவறில்லை. அதை எழுதியவர்கள் பாக் நீரிணையில் ஓர் இரவு படகில் போயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

அந்த ஓர் இரவிலிருந்துதான் போதையையும் பேச வேண்டும்.

கடலுக்குப் போக மீன்துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கன் வாரத்தில் மூன்று நாள் மட்டும். ஆண்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. காற்று எச்சரிக்கை, வேலைநிறுத்தம், கைதுக்கு எதிரான போராட்டம் என்று இன்னும் பல நாள்கள் போய்விடும். டீசல் விலை மட்டும் நிற்பதில்லை. மிஞ்சிய ஒவ்வொரு தங்கலிலும் (ஓரிரவுக் கடற்பயணத்திலும்) முடிந்தவரை அதிக முறை மடி போட்டால்தான் டீசல் காசாவது தேறும். மடி இறக்க, இழுக்க, தூக்க, கொட்டிய மீனைப் பிரிக்க, ஐஸ் போட, மறுபடி இறக்க. இடையில் கிடைக்கும் தூக்கம் துண்டு துண்டானது. ஆட்களுக்குச் சம்பளம் இல்லை, பங்கு. பாடு, அதாவது கிடைத்த மீன், இல்லையென்றால் பங்கும் இல்லை. சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும்.

இந்த வேலைக்கு எந்தப் போதை பொருந்துகிறது என்பதை வேலையே முடிவு செய்கிறது. ஈரக் கையில் பீடி பற்றவைக்க முடியாது, காற்றிலும் நிற்காது. ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். நிகோட்டின் தூக்கத்தைத் தள்ளும், பசியைத் தள்ளும். கரைக்கு வந்தபின் தலைகீழ். விழித்தே இருந்த உடம்பு படுத்தாலும் தூங்காது, முதுகும் தோளும் வலிக்கும். அங்கே மதுவும் வலி மாத்திரையும் வருகின்றன. இளைஞர்களிடம் கஞ்சாவும் சேர்ந்துகொள்கிறது. ஒழுக்கக் கேடு என்று பாடம் நடத்துபவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. ஓய்வு நேரப் போதையும் வேலை நேரப் போதையும் வேறு வேறு. முன்னது மகிழ்ச்சிக்கு, பின்னது அடுத்த மடி தூக்குவதற்கு.

இந்தப் பழக்கம் மீன்பிடியோடு நிற்பதில்லை. இதே மாவட்டத்துப் பிள்ளைகள் சென்னையில் இரவுப் பணி பார்க்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நேரக்கணக்கு இல்லாமல் எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம், விழித்திருக்க ஒன்றும் தூங்க ஒன்றுமாகப் பை நிரம்புகிறது.

சட்டம் என்ன செய்கிறது? குட்காவையும் புகையிலை கலந்த மெல்லும் பொருள்களையும் தமிழ்நாடு 2013 முதல் தடை செய்து வருகிறது. கடைகளில் கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது, விலை மட்டும் கூடியிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவை ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவிலிருந்து வணிக அளவு என்று பிரிக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட, பழக்கத்துக்கு அடிமையானவர், தானே முன்வந்து சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விடுபட 64ஏ பிரிவு வழி தருகிறது. அந்தப் பிரிவைக் கரையில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். 2018இல் டிரமடால் இந்தச் சட்டத்துக்குள் வந்தது. அதன்பின் டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையின் பெயர் காவல்துறைச் செய்திகளில் வரத் தொடங்கியது. ஒரு கதவை மூடினால் வலி வேறு கதவைத் தட்டும்.

மறுபக்கம் அரசே சாராய வியாபாரி. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2024–25இல் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2016 தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் மதுவிலக்கு வாக்குறுதி தந்தன. 2016, 2017, 2023 ஆண்டுகளில் தலா 500 கடைகள் மூடப்பட்டன, வருவாய் பெரிதாகக் குறையவில்லை. 2022 ஆகஸ்டில் போதை இல்லாத தமிழ்நாடு என்று மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழி எடுத்த பிள்ளையின் தகப்பன் அன்று மாலை அரசுக் கடை வரிசையில் நின்றால், வீட்டில் யார் சொல் எடுபடும்?

இந்தக் கரைக்கு இன்னொரு சுமையும் உண்டு. இது கடத்தல் வழி. கஞ்சா, பீடி இலை, கடல் அட்டை, இலங்கை இறக்குமதிக் கட்டுப்பாடு போட்டபின் மஞ்சள்கூட இங்கிருந்து போகிறது, தங்கம் வருகிறது. 2023இல் மண்டபம் பக்கம் பிடிபட்ட 32 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தில் ஒரு பகுதியைச் சுழியோடிகள் கடலடியிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் பிடிபட்ட ஹாஷிஷ் என்ற கஞ்சாப் பிசின் 99 கிலோ, மதிப்பு 108 கோடி ரூபாய் என்றார்கள். சரக்கு நம் வழியாகப் போகிறதே தவிர இங்கே தங்குவதில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டார்கள். உலகில் எந்தக் கடத்தல் வழியிலும் அது நீடித்ததில்லை. சுமப்பவனுக்குக் கூலியில் ஒரு பங்கு சரக்காகவே கொடுக்கப்படும் நாள் வந்துவிடுகிறது.

வேலையிடத்துச் சோதனை என்ற தீர்வும் அவ்வப்போது பேசப்படுகிறது. அமெரிக்கா 1991இல் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு இதற்குச் சட்டமே போட்டது. இந்தியாவில் விமானிகளுக்கும் விமானக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் 2022 முதல் போதைப்பொருள் சோதனை உண்டு. ரயில் ஓட்டுநர்கள் மூச்சுச் சோதனைக்குப் பிறகே வண்டி ஏறுகிறார்கள். ஆனால் சிறுநீர்ச் சோதனையின் குணம் விசித்திரமானது. தொடர்ந்து கஞ்சா புகைத்தவரை வாரங்கள் கழித்தும் காட்டிக்கொடுக்கும். நேற்றிரவு குடித்தவரை விட்டுவிடக்கூடும். தூக்கமில்லாமல் தடுமாறுபவரை எந்தக் குப்பியும் காட்டாது. கடலில் விரல் போவதும் ஆள் விழுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையால்தான் என்பது என் கருத்து.

இங்கேதான் கசப்பு தன் கணக்கை நிறுத்திக்கொள்கிறது. எல்லாரும் போடுவதுதான் என்று சொல்வதில் யாருக்கு லாபம்? தூக்கம் கொடுக்க வேண்டிய சம்மாட்டிக்கு. இன்னொருவரைச் சேர்த்தால் எல்லார் பங்கும் குறையும். ஒரு பொட்டலம் அதைவிட மலிவு. மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் ஐந்து லட்சம் உண்டு. போதையில் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு இல்லை என்பது இத்தகைய காப்பீடுகளின் பொது வழக்கம். ஆகவே படகில் இருந்தவர்களும் குடும்பமும் வாய் திறக்க மாட்டார்கள். திறக்கவும் வேண்டாம், அந்த ஐந்து லட்சம்தான் அந்த வீட்டுக்கு மிச்சம். ஆனால் அதனாலேயே எந்தப் பதிவேட்டிலும் இது ஏறாது. பதிவேட்டில் இல்லாததை அரசு பார்க்காது.

இதே கடலுக்கு அப்பால் போகும் சரக்குக் கப்பலில் நிலைமை வேறு. கடலோடிகளின் பயிற்சிக்கும் பணிக்குமான உலக ஒப்பந்தத்தில் 2010இல் மணிலாவில் செய்த திருத்தங்களின்படி கப்பலில் பணியில் இருக்கும் அதிகாரிக்கு மது அளவு வரம்பு உண்டு. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வும் கட்டாயம். பாட்டிலுக்கும் தூக்கத்துக்கும் ஒரே விதித் தொகுப்பு. மீன்பிடித் தொழிலுக்கென உலகத் தொழிலாளர் அமைப்பு 2007இல் கொண்டுவந்த 188ஆம் ஒப்பந்தமும் அதே ஓய்வு மணிகளைத்தான் சொல்கிறது, ஆனால் மூன்று நாளுக்கு மேல் கடலில் இருக்கும் படகுகளுக்கு. இந்தியா அதில் கையெழுத்திட்டுச் சேரவில்லை. சேர்ந்தாலும் ஒரு நாளில் திரும்பும் இராமேசுவரம் படகு அந்த மணிக்கணக்குக்குள் வராது.

கரையில் விதியே எடுபடாது என்பதும் உண்மையில்லை. 61 நாள் தடை இங்கே நடக்கிறது, எல்லார் படகும் ஜெட்டியில் கட்டிக் கிடப்பதை எல்லாரும் பார்ப்பதால். சின்னப்பாலத்துப் பக்கம் தீவுகளில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் போவது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் யாரும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து உலகம் கெட்டுவிட்டது என்று பேச நேரம் உள்ளவர்கள் அல்லர்.

படகு எத்தனை மணிக்குப் போகிறது என்பது டோக்கனோடு மீன்துறையிடம் இருக்கிறது. எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பதை டிரான்ஸ்பாண்டர் சொல்லும். இடையில் எத்தனை முறை மெதுவாக இழுத்தது, எத்தனை முறை நின்றது என்பதும் வேகப் பதிவிலிருந்தே தெரிந்துவிடும். அதாவது எத்தனை மடி, எவ்வளவு இடைவெளி. எல்லை தாண்டினானா என்று பார்க்க வைத்த பெட்டியிலேயே ஆட்கள் தூங்க முடிந்ததா என்ற கணக்கும் கிடக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்க மீன்துறைக்குப் புதுச் செயலி எதுவும் தேவையில்லை. சம்மாட்டிகள் சம்மதிப்பார்களா என்பது வேறு.